சங்கரலிங்கம் மாமா மறைத்த காயம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14-11-1936.

என் அன்பு மகள் தேவகிருபைக்கு அம்மா ஏசம்மாள் எழுதிக்கொண்டது. கடல் தாண்டி இருக்கிற உன்னைக் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காத்துவருகிறார் என்ற தைரியத்தில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் விடிகிறது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்தத் தடவை அந்த வார்த்தையை முழுசாக எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நான் சுகம். தேவநேசன் மாமா வீட்டில் எல்லாரும் சுகம். உன் அப்பாவைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறேன், அதற்காக நடுவில் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே, வரிசையாகவே படி. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. இங்கே ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை, பெரியகுளம் நிரம்பி மறுகால் போகிறது, அடுக்களையில் ஒழுகுகிற மூன்று இடத்தில் சட்டி வைத்திருக்கிறேன், கோயில் அசன விருந்தைக்கூடத் தள்ளிவைத்துவிட்டார்கள். மழைச் சத்தம் கேட்டாலே இப்போது ஜன்னலைச் சாத்திவிடுகிறேன், அது ஏன் என்று போகப் போக உனக்கே தெரியும்.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், நாச்சியாருக்கு என்று அனுப்பிய சின்ன பர்மாக் குடை வந்து சேர்ந்ததா, அவள் அப்பா பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று. குடை வந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை. தபால் ஆபீஸ் சங்கரலிங்கம் மாமா இறந்துபோனார், மகளே. இரண்டு வாரம் ஆகப் போகிறது. எப்படி இறந்தார் என்பதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், தனியாக இருக்கிற பிள்ளையை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று. ஆனால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தக் காரியம் அவரோடு முடியவில்லை.

அவரை நினைக்காமல் என்னால் எதிரே அந்தத் தபால் ஆபீஸ் ஜன்னலைப் பார்க்க முடியவில்லை. நீ ரங்கூனுக்குப் போன பிறகு உன் கடிதம் ஒன்றுகூடத் தபால்காரன் கையால் எனக்கு வந்ததில்லை, பையைப் பிரிக்கும்போதே உன் எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார், ஜன்னலில் இருந்தபடியே தெருவுக்குக் கேட்க, ஏசம்மாக்கா ரங்கூன் வந்திட்டு என்று குரல் கொடுப்பார், நான் கொதிக்கிற உலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். கொழும்புக்குப் போன மகனிடமிருந்து காயிதம் வருமா என்று மம்சாபுரத்திலிருந்து நடந்தே வருவாளே வெள்ளத்தாய், அவளிடம் ஒரு நாளும் இல்லை என்று மொட்டையாகச் சொல்லமாட்டார், கப்பல் தாமதம் ஆத்தா, செத்த நேரம் உட்கார்ந்து வெயில் தாழப் போ என்பார். தன் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. தபால் தலை வாங்க வந்தவன் எல்லாம் நாச்சியார் நேற்று என்ன சொன்னாள், எந்தப் பல் ஆடுகிறது, வீட்டுக்காரி செல்லத்தாய் வைத்த புளிக்குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். நாச்சியார் கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து பார்சல் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து, போன மாசத்துக்கு இந்த மாசம் கூடியிருக்கிறாள் என்று போஸ்ட்மாஸ்டரிடமே காட்டினவர் அல்லவா. அவளுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனதில் அவர் கொஞ்சம் ஒடுங்கிப்போனார், அதனால் செல்லத்தாய் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்றதும் அந்த மனிதர் நடந்த நடையே வேறு. ஐந்தாம் மாசமே அவளையும் நாச்சியாரையும் ராஜபாளையத்தில் அவள் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார், இங்கே தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வண்டியில் திரும்புவார். ரிப்பன், பொரியுருண்டை, ரயிலடியில் கிடைக்கிற கொய்யாப்பழம், ஏதாவது ஒன்று கையில் இருக்கும்.

அப்படிப் போன ஒரு ஆவணி ஞாயிற்றுக்கிழமையில்தான் அது நடந்தது. அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டு ராஜுக்கள் தங்கள் தோட்டத்துக் காவலுக்கு ஒரு வெள்ளை நாய் வைத்திருந்தார்கள், நல்ல உயரமான நாய், நாச்சியார் அதற்குத் தன் கையாலேயே சோறு வைப்பாளாம், அது அவளை ஒன்றும் செய்யாது. மலையடிவாரத் தோட்டத்தில் அதை வெறி பிடித்த நரி கடித்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் புழக்கடையில் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தபோது அது வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, வாயில் நுரையோடு, கால் பின்னப் பின்ன வந்ததாம். பிள்ளை வழக்கம்போலக் கையை நீட்டியிருக்கிறாள். முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது, விடவில்லை. சங்கரலிங்கம் மாமா கிணற்றடியிலிருந்து ஓடிவந்து இரண்டு கையையும் அதன் வாய்க்குள் விட்டுத் தாடையைப் பிளந்துதான் பிள்ளையை எடுத்தார். அதற்குள் ராஜுக்கள் வீட்டுப் பெரியவர் தெலுங்கில் கத்திக்கொண்டே கம்போடு வந்து, தான் வளர்த்த நாயைத் தானே அடித்துப் போட்டார், அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். மறுநாளே நாச்சியாரை அவள் தாய்மாமன் உக்கிரபாண்டி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தினமும் வயிற்றில் ஊசி போட வைத்தான். அவள் பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் ஓடி விளையாடுகிறாள், கையில் தழும்பு மட்டும்தான்.

அவருக்கும் கடி பட்டிருந்தது. வலது கைச் சுண்டுவிரலில் நகத்துக்குப் பக்கத்தில், ஊசி குத்தினது போல. அதை யாரிடமும் சொல்லவில்லை. மதுரைக்கு அவரும் கூடப் போயிருந்தார், அங்கே நர்ஸ் வேறு யாரையாவது கடித்ததா என்று நேராகக் கேட்டபோதும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்று நீ கேட்பாய், நாங்களும் பிறகு கேட்டோம். நாய் கடித்தவன் கண்ணில் பிள்ளைத்தாய்ச்சி படக்கூடாது, பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அந்த வீட்டுப் பெண்டுகள் நாச்சியாரையே அவள் அம்மாவின் கண்ணில் படாமல் வைத்திருந்தார்களாம். தனக்கும் பட்டது என்று தெரிந்தால் பிரசவம் ஆகும்வரை வாசல் மிதிக்க விடமாட்டார்கள், செல்லத்தாய் பயந்தே செத்துப்போவாள், ஏற்கெனவே இரண்டு போயிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இது பிள்ளையின் ரத்தம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். விரல் ஆறிவிட்டது. ஆறினதும் அவரே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் புரட்டாசிக் கடைசியில் ஆண்பிள்ளை பிறந்தது என்று எங்களிடம் சொல்ல வந்தபோது அந்த முகத்தில் ஒரு நிழல்கூட இல்லை. பயல் நாச்சியாரைவிடக் கனம், மாசம் ஆகட்டும் தராசில் வைத்துக் காட்டுகிறேன் அக்கா என்றார்.

உனக்குப் போன தடவை எழுதின கடிதத்தைப் போட அவரிடம்தான் போனேன். அன்றைக்கு அவர் வலது கையை உதறிக்கொண்டே இருந்தார், சுண்டுவிரலிலிருந்து தோள்வரை எறும்பு ஊருவதுபோல இருக்கிறது, முத்திரை குத்திக் குத்தி இப்படி ஆகிவிட்டது என்று சிரித்தார். தபால் தலையைக் கிழித்து, ஒட்டுவதற்காக அந்த ஈரப் பஞ்சுக் கிண்ணத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது, தோள் ஒரு தூக்குத் தூக்கியது, யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்ததுபோல இருந்தது. பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, நீங்களே தொட்டு ஒட்டுங்க அக்கா என்றார். குளிர் காய்ச்சலாக இருக்கும், கஷாயம் வைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல் கதவு காற்றுக்குத் திறந்துகொண்டபோது அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீயாக இருந்தால் அந்த நிமிஷமே கண்டுபிடித்திருப்பாய். ஆனால் கண்டுபிடித்தும் அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை, மழை தூறிக்கொண்டிருக்கும்போது, தலையையும் காதையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவைக் குறுக்கே ஓடி நம் வீட்டுக்குள் வந்தார். உன் அப்பா நாற்காலியில் இருந்தார்கள். நான் சுக்குக் கஷாயத்தை ஆற்றிக் கொடுத்தேன். வாங்கினார், தாகம் தாகம் என்றார், நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது, டம்ளரை வாய்வரை கொண்டுபோனார், அவ்வளவுதான், தொண்டை அடைத்து உடம்பெல்லாம் வெட்டி இழுத்து டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. உன் அப்பா வத்றாப் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்த காலத்தில் இப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறார்கள். எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன்.  சங்கரலிங்கம் மாமாதான் சொன்னார், மூச்சு வாங்கிக்கொண்டு, ரொம்ப அமைதியாக. "ஏட்டையா, எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த நாய்தான்." அப்புறம்தான் சுண்டுவிரல் கதை முழுவதையும் சொன்னார்.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார், மயக்க மருந்து கொடுத்தார், வாசலில் நின்று உன் அப்பாவிடம் தலையை மட்டும் ஆட்டினார். சங்கரலிங்கம் மாமா தன் வீட்டிலேயே இருக்கிறேன், வெளியே பூட்டிவிடுங்கள் என்றார். செல்லத்தாயிடம் விருதுநகருக்கு ஆபீஸ் காரியமாகப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். பூட்டின வீட்டுக்குள் இருந்துகொண்டு, இழுப்பு விட்ட நேரமெல்லாம் ஜன்னல் வழியாக என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். நாச்சியாருக்கு உச்சியில் சுழி இருக்கிறது, இடது பக்கம் வகிடு எடுத்தால்தான் சடை நிற்கும் என்றார். அவளுக்கு இடியென்றால் பயம், அந்த நேரத்தில் பாட்டுப் பாடவேண்டும் என்றார். பயலுக்குத் தன் பெயரை வைக்கவேண்டாம் என்றார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, சரி தம்பி சரி தம்பி என்று சொல்லிக்கொண்டே நின்றேன். ஓட்டில் மழை வலுக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொள்வார், காதைப் பொத்திக்கொண்டு அவர் போடும் சத்தம் மனுஷச் சத்தமாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வராததும் செல்லத்தாய் விருதுநகர்க் கதையை நம்பவில்லை. ஞாயிறு தவறாத மனிதர். தீட்டுக் கழியாத உடம்போடு, உக்கிரபாண்டி தடுக்கத் தடுக்க, பச்சைப் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு கூண்டு வண்டியில் வந்து இறங்கிவிட்டாள். தெருவில் பிள்ளை அழுதது. அந்தச் சத்தத்தை உள்ளே அவர் கேட்டுவிட்டார். கதவைத் திறங்கள் என்று கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் உன் அப்பாவைத்தான் கூப்பிட்டார். பயலை ஒரு தடவை பார்க்கவேண்டும், பார்த்தால் என் கை சும்மா இருக்காது, எட்டிப் பிடித்துவிடுவேன், அதற்கு முன்னால் என்னைக் கட்டிவிடுங்கள் என்றார். "கை கட்டுறது உங்களுக்குப் பழக்கம்தான ஏட்டையா. அவுந்துராம இறுக்கிக் கட்டுங்க." உன் அப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். யாரையும் கூட வரவிடவில்லை. ஜன்னல் கம்பியோடு சேர்த்து இரண்டு கையையும் கட்டினார்கள். கடைசி முடிச்சுப் போடும்போது சாரல் உள்ளே அடித்தது, அவருக்கு இழுப்பு வந்தது. அது அடங்கின பிறகுதான் ஜன்னல் கதவை முழுசாகத் திறந்தார்கள். செல்லத்தாய் முற்றத்துக்கு அந்தப் பக்கம், நான் பிடித்திருந்த குடைக்குக் கீழே நின்றாள். அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவர், "செல்லத்தாயி, அங்கனயே நில்லு. பயலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றார். தூக்கிப் பிடித்தாள். அவர் பார்த்தார். எம்புட்டு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஜன்னலை மூடச் சொன்னார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார். அவர் துணிமணி, பாய், தலையணை எல்லாவற்றையும் எரித்தார்கள், மழையில் சிதை சீக்கிரம் பிடிக்கவில்லை.

இனி உன் அப்பா காரியம். கட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர்கள் கை கழுவும்போது பார்த்தேன், இடது பெருவிரலுக்குக் கீழே சதை கிழிந்து சிவந்திருந்தது. என்ன என்று கேட்டதற்குக் கயிறு அறுத்தது என்றார்கள். கயிறு அறுத்தால் கோடாக இருக்கும், இது அப்படி இல்லை, பல்லின் அச்சு. நான் டாக்டரிடம் ஓடினேன். மனுஷன் பல்லானாலும் அதுதான், எச்சில் ரத்தத்தில் கலந்திருந்தால் மதுரைக்குப் போய் ஊசி போட்டுத்தான் ஆகவேண்டும், தாமதம் கூடாது என்றார். உன் அப்பா அசையவில்லை. இந்த வயசில் என்ன ஊசி என்றார்கள், கெஞ்சினேன், கோபித்தேன், தேவநேசன் மாமாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன், பாதிரியார் ஐயா வந்து ஜெபம் பண்ணி எடுத்துச் சொன்னார், ஒன்றும் எடுபடவில்லை. ஒரு நாள் அவர்களாகவே சொன்னார்கள், சர்வீஸ் பூராவும் கள்ளனையும் கொலைகாரனையும் கட்டின கையால் அந்த நல்ல மனுஷனைக் கட்டினேன், அதற்கு என்ன வருகிறதோ வரட்டும் என்று. அப்புறம் தனித் தட்டில் சாப்பிட ஆரம்பித்தார்கள், என்னை அருகில் வரவிடவில்லை, பாயை முன்னறையில் தனியாகப் போட்டுக்கொண்டார்கள். ஊசிக்குப் போகமாட்டேன் என்கிற மனுஷன் தட்டை மட்டும் ஏன் தனியாக வைக்கவேண்டும்? தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் செல்லத்தாய்க்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேற்று வந்தாள். வெள்ளைச் சேலையில் அவளைப் பார்க்க முடியவில்லை மகளே, உன்னைவிட இரண்டு வயசுதானே மூத்தவள். உள்ளே வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. "நீங்க கட்டுனதாலதான் அவிய பயலைப் பாத்துட்டுப் போனாவ அண்ணாச்சி. கட்டாட்டி அந்த ஜன்னலைத் திறந்தே இருக்கமாட்டாவ" என்றாள். பிறகு, "அவிய என்னைக் காப்பாத்தணும்னு மறைச்சாவ. அந்த ஒரு விரலைக் காட்டியிருந்தா எம் மக்களுக்கு இன்னைக்கு அப்பன் இருப்பாவ. நீங்களும் மறைக்காதீய" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், போய்விட்டாள். உன் அப்பா ரொம்ப நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தார்கள். பிறகு எழுந்து பழைய காக்கிக் கோட்டை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, தேவநேசனை வரச்சொல் என்றார்கள். இன்றைக்குக் காலை வண்டிக்கு இரண்டு பேரும் மதுரைக்குப் போய்விட்டார்கள். ரயிலடிவரை போனேன். வண்டி நகரும்போது நான் ஜன்னல் பக்கம் கையை நீட்டினேன், உன் அப்பா கையைக் கொடுக்கவில்லை, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இங்கே செல்லத்தாய்க்குச் சர்க்காரில் ஏதாவது செய்வார்களா என்று போஸ்ட்மாஸ்டர் எழுதிப்போட்டிருக்கிறார். குடையை நான் இன்னும் நாச்சியாரிடம் கொடுக்கவில்லை, மழை விடட்டும் என்று இருக்கிறேன். சாட்சியாபுரத்து வாத்தியார் வீட்டிலிருந்து உன் கல்யாணத்தைப் பற்றி மறுபடியும் விசாரித்தார்கள், இப்போது அதைப் பேசுகிற மனசில் நான் இல்லை, தை மாசம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வார்டுக்குப் போகாதே, ஜெபத்தை விடாதே. இருள் நேரத்திலும் கர்த்தர் உன் வலது பக்கத்தில் நிழலாயிருந்து உன்னைத் தாங்குவாராக.

முக்கியமான காரியம் ஒன்று. உன் அப்பா மதுரையில் தேவநேசன் மாமாவின் மைத்துனர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள், விலாசம் பின்புறம் எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு உடனே ஒரு கடிதம் போடு. ஊசி போட்டுக்கொண்டால் ஒன்றும் வராது, நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன் என்று எழுது, பெரிய எழுத்தில் எழுது, நீ சொன்னால் நம்புவார்கள். எனக்கு வேறொரு கடிதம் எழுது. கடிபட்டு இத்தனை நாள் கழித்துப் போட்ட ஊசி பிடிக்குமா, எத்தனை மாசம் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று, உனக்குத் தெரிந்த உண்மையை எனக்கு மட்டும் எழுது. இரண்டையும் ஒரே உறையில் போட்டுவிடாதே.

உன்னை எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ச. ஏசம்மாள்.